டாங்கியில் மிஞ்சினது

எங்கள் தோட்டத்தில் கிணற்றடியோடு ஒட்டி இரண்டு வரி கத்தரி எப்போதும் தனியாக நிற்கும். அது வீட்டுக்கு. அந்த இரண்டு வரிக்கும் மருந்து அடிப்பதில்லை. மிச்ச அரை ஏக்கரும் சந்தைக்கு. அதற்குக் கிழமைக்கு ஒரு தரம், பூச்சி கூடினால் ஐந்து நாளைக்கு ஒரு தரம் அடிப்போம். இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கையில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

2013 சிறுபோகத்தில் ஒருநாள் கிளிநொச்சி ரவுணில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை. அப்போதுதான் அதற்குச் சோறு தீத்தத் தொடங்கியிருந்தாள். "உங்கடை பக்கத்துக் காய்தான் அக்கா. வட்டக்கச்சிக் கத்தரிக்காய் எண்டு சொல்லித்தான் வியாபாரி தந்தவர்" என்றாள் பெருமையோடு. ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட அதே இனம். எங்கள் காயா, பக்கத்து வளவுக் காயா என்று சொல்ல முடியாது. ஆனால் முந்தநாள் நாங்கள் பிடுங்கி அனுப்பிய காய்க்கு, அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் மருந்து அடித்தது எனக்குத் தெரியும். கலக்கிக் கொடுத்தது நான். குழந்தைக்குக் கத்தரிக்காய் வேண்டாம், பூசணி அவித்துக் கொடு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்துதான் அடித்த மருந்து எங்கே போகிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். பூச்சியில் பட்டது போக மிச்சம் எங்கே? இலையில் எவ்வளவு, காயில் எவ்வளவு, மண்ணில், கிணற்றில், என் கணவர் இவருடைய சேட்டில், என் கையில் எவ்வளவு? பீடைநாசினி எச்சம் என்று கூட்டங்களில் சொல்வார்கள். எனக்கு அது டாங்கியில் மிஞ்சினது. அந்தக் கேள்வியோடு பத்து வருடத்துக்கு மேல் தோட்டம் செய்து கண்டதையும், கேட்டுப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். போர் முடிந்து 2010இல் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் வளவு பற்றையேறிக் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் கால் வைக்காத மண். கண்ணிவெடி அகற்றியவர்கள் பார்த்துவிட்டுப் போனபின்தான் மண்வெட்டி போட்டோம். போட்ட இடமெல்லாம் மண்புழு. அந்த வருடம் நட்ட கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு துளி மருந்து அடிக்கவில்லை, வாங்கக் காசும் இல்லை. காய்த்துக் கொட்டியது. பின்னேரம் பம்ப் நிறுத்தினால் புலுனிக் குருவிக் கூட்டத்தின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

மருந்தில்லாக் காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் யூரியா வரவிடமாட்டார்கள். ஐயா சாம்பலும் வேப்பம் பிண்ணாக்கும் வைத்துக்கொண்டுதான் தோட்டம் செய்தார். நல்லாய் விளைந்த வருடமும் உண்டு, மிளகாய் முழுக்கச் சுருண்டு கடனோடு நின்ற வருடமும் உண்டு. ஓய்வெடுத்த மண்ணில், சுற்றிவரத் தோட்டமே இல்லாத இடத்தில், முதல் பயிர் நன்றாக வரும். எங்களுக்கு நடந்தது அதுதான். பிறகு எல்லாரும் ஒரே பயிரைத் தொடர்ந்து நட்டோம், பூச்சியும் வந்தது. கடைகளும் வந்தன. மருந்தைக் கடனுக்குத் தருவார்கள், காய் விற்றுக் கட்டலாம். கடைக்காரர் என்ன பயிர் என்று கேட்பார், இலை சுருண்டிருக்கா என்று கேட்பார், இரண்டு போத்தலை எடுத்து வைப்பார். பூச்சிக்கு ஒன்று, பங்கசுக்கு ஒன்று. பசளைத் தண்ணி ஒன்றும் சேர்ந்துகொள்ளும். மூன்றையும் ஒரே டாங்கியில் ஊற்றுவோம். அளவு என்று கேட்டால் "டாங்கிக்கு ரெண்டு மூடி". மூடிக்கு மூடி அளவு வேறு என்பது அப்போது எங்களுக்குப் படவில்லை.

2014 ஆடி மாதம், நல்ல சோளகக் காற்று. இவர் பத்து மணிக்குப் பிறகு மிளகாய்க்கு அடிக்கத் தொடங்கினார். பதினாறு லீற்றர் டாங்கியின் வாசர் தேய்ந்து முதுகுப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. பழைய சேட், சாறம், வெறுங்கால். நான்காவது டாங்கி முடியமுன் வரம்பில் குந்திவிட்டார். தலையிடி என்றார். பிறகு சத்தி. வேர்வை ஆறாக ஓடியது, வாயில் எச்சில் ஊறி வழிந்தது. கண் மங்குகிறது என்றார். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிக் கிடந்தது. கையின் தசை தன்பாட்டில் துடித்தது. அயலில் ஆளுக்கொன்று சொன்னார்கள், பால் கொடு, தேசிக்காய் கொடு. அதிலேயே கால் மணித்தியாலம் போய்விட்டது. முதுகில் நனைந்து ஒட்டிக்கிடந்த அந்தச் சேட்டை யாரும் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க, ஓட்டோவுக்குள், அந்த மருந்து அவருடைய தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதல் கேட்டது, "என்ன மருந்து? போத்தல் எங்கை?" என்னிடம் பதில் இல்லை. அரை லீற்றர்ப் போத்தலை மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரித்திருந்தோம். எங்கள் பங்கு ஒரு சோடாப் போத்தலில். அதில் பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. நல்லவேளை, அவருடைய கண்ணையும் வேர்வையையும் பார்த்தே டொக்டர் ஊகித்துவிட்டார். நஞ்சை முறிக்கும் அத்ரோபின் ஏற்றினார்கள். மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

டொக்டர் ஊகித்த ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சி மருந்து என்ன செய்கிறது என்று பிறகு ஒரு தாதி பொறுமையாக விளங்கப்படுத்தினா. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பினால், வேலை முடிந்ததும் அந்தச் செய்தியை அழித்துவிட உடம்பில் ஒரு நொதியம் இருக்கிறது. மருந்து அந்த நொதியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், வேர்வை, துடிப்பு எல்லாம் அதனால்தான். பூச்சி சாவதும் அதே வழியில்தான். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. ஒரே நாளில் விழாவிட்டாலும், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் அந்த நொதியம் குறைந்துகொண்டே வரும், பிறகு ஒருநாள் வழமையான அளவே ஆளை விழுத்தும். மருந்தடித்த இரவுகளில் இவருக்கு வரும் தலையிடியை வெயில் பட்டது என்று சொல்லி எத்தனை வருடம் பனடோலோடு விட்டிருக்கிறோம்.

ஆகவே இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். மருந்து பட்டவரின் உடுப்பை உடனே கழற்றுங்கள். சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், தலைமயிரையும் நகத்தையும் சேர்த்து. கழுவுகிறவர் கைக்குப் பை போட்டுக்கொள்ளவேண்டும். வாயால் ஒன்றும் கொடுக்காதீர்கள், சத்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலை லேபலோடு கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். அன்றைக்கு எங்களுக்கு அது இல்லை.

லேபல் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. இலங்கையில் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இல் வந்தது. பதிவு செய்த போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கும். அடியில் ஒரு நிறப்பட்டி. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எந்தப் பயிருக்கு, பத்து லீற்றருக்கு எத்தனை மில்லிலீற்றர், கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. நாங்கள் கத்தரிக்கு அடித்து இரண்டாம் நாள் பிடுங்கிய மருந்தின் முழுப் போத்தலைக் கடையில் கேட்டு வாங்கி வாசித்தேன். பதினான்கு நாள் என்று போட்டிருந்தது. கத்தரி நாலைந்து நாளைக்கு ஒரு தரம் பிடுங்குகிற பயிர். அந்த மருந்தை அடித்துவிட்டு நியாயமாகப் பிடுங்கவே முடியாது. அப்படியென்றால் காய்க்கத் தொடங்கிய கத்தரிக்கு அது ஏற்ற மருந்தே இல்லை.

இதற்கு வழி காட்டியவர் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர். கமநல சேவை நிலையத்துக்குப் பசளைக்குத்தான் போயிருந்தேன். கதைத்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அடுத்த கிழமை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்துவிட்டார். தோட்டத்துக்குள் இறங்கியதும் மருந்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஒரு கத்தரிச் செடியின் நுனிக் குருத்தைக் காட்டினார். மற்றதெல்லாம் நிமிர்ந்து நிற்க, அது மட்டும் வாடித் தலை தொங்கிக்கிடந்தது. வாட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டினார். பிளேட்டால் நெடுக்குக்குப் பிளந்தார். உள்ளே ஒரு குடைவு, அதற்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் நெல்மணியளவு புழு. "அக்கா, இவர் உள்ளுக்குள்ளை இருக்கிறார். நீங்கள் வெளியாலை குளிப்பாட்டுறீங்கள்" என்றார். கத்தரித் தண்டு துளைப்பான். முதலில் குருத்தைத் துளைக்கும், காய் வந்தபின் காய்க்குள் போகும். உள்ளே போன புழுவை மேலே அடிக்கிற மருந்து அநேகமாக எட்டாது.

அன்றிலிருந்து திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் வரி வரியாகப் போய் வாடிய குருத்தையெல்லாம் வெட்டுவேன். துளை விழுந்த காயையும் பிடுங்கிவிடுவேன். எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி நல்ல வெயிலில் போட்டுவிடுவேன். வரப்பில் எறிந்தால் புழு வண்ணத்தியாகித் திரும்பி வரும். அரை ஏக்கருக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். பக்கத்துக் காணி அண்ணையும் சேர்ந்து வெட்டத் தொடங்கிய பிறகுதான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது, ஏனென்றால் பூச்சிக்கு எல்லைக் கதியால் தெரியாது. முன்னர் ஒரு போகத்துக்குப் பதினாலு பதினைந்து தரம் அடித்தோம். இரண்டாம் வருடம் நான்கு தரமாகக் குறைந்தது.

மிளகாய்க்கு அவர் சொல்லித் தந்தது இன்னும் சின்ன விஷயம், ஆனால் எங்கள் காசில் பாதியை மிச்சம் பிடித்தது. இலை சுருண்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றுதான் நினைத்திருந்தோம். இலை ஓரம் மேல்நோக்கி வள்ளம் போல மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி, கவிழ்த்த வள்ளம் போல மடிந்தால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, நெருங்கி, மஞ்சளடித்து நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரசு. அந்தச் செடிக்கு எந்த மருந்தும் இல்லை, பிடுங்கி எரிக்கவேண்டியதுதான். சிற்றுண்ணி பூச்சி இனமே இல்லை. அதற்குப் பூச்சி மருந்தை அடித்தால் உண்ணியைத் தின்கிற நல்ல பூச்சி செத்து, உண்ணி பெருகும். நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அடிக்க அடிக்கச் சுருட்டல் கூடியது, சுருட்டல் கூடக் கூட அடித்தோம். சந்தேகம் என்றால் ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்குக் கீழே பிடித்துத் தட்டிப் பாருங்கள். அரிசிக் குறுணல் போல மெல்லிசாக ஊர்ந்தால் பனிப்பூச்சி.

வயலிலும் இதே கதை. இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு இரண்டு ஏக்கர். விதைத்து இருபதாம் நாள் இலையில் வெள்ளைக் கோடு கண்டதும் முதல் அடி அடித்துவிடுவோம். நெல் அந்த வயதில் இலை போனாலும் புதிதாக மட்டம் வெடித்து ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் அந்த முதல் அடியில் சிலந்தி எல்லாம் செத்துவிடும். கபிலநிறத் தத்திப் பூச்சியைப் பிடித்துத் தின்பது அந்தச் சிலந்திதான். நாற்பத்தைந்து, ஐம்பதாம் நாளில் தத்தி வந்தால் தடுக்க ஆளில்லை, வயல் வட்டம் வட்டமாக எரிந்ததுபோலக் காய்ந்துபோகும். வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் 1990களில் கமக்காரரிடமே சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்: வயலில் ஒரு துண்டுக்கு முதல் நாற்பது நாள் பூச்சி மருந்து அடிக்காதே, விளைச்சலை நீயே ஒப்பிட்டுப் பார். விளைச்சல் குறையவில்லை. இதைக் கேட்டபின் நாங்களும் அரை ஏக்கரில் பயந்து பயந்து விட்டுப் பார்த்தோம். இப்போது இரண்டு ஏக்கரிலும் நாற்பது நாள் தொடுவதில்லை. விடியற்காலையில் பனித்துளியோடு வயல் முழுக்கச் சிலந்தி வலை மினுங்கும். அதை ஒருதரம் பார்த்தவருக்கு மருந்து மெசினைத் தூக்க மனம் வராது.

சரி, டாங்கிக்கு வருகிறேன்.

அடித்து முடித்தபின் டாங்கியின் அடியில் எப்போதும் அரை லீற்றர் அளவு நிற்கும். அதை எல்லாரும் வாய்க்காலில் கவிழ்த்து, அங்கேயே அலசுவோம். தண்ணீர் ஓடுகிறது, அடித்துக்கொண்டு போய்விடும் என்பது எண்ணம். ஒரு பின்னேரம் இவர் அலசிவிட்டு வந்த இடத்துக்கு நான் கால் கழுவப் போனேன். மதகுக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற சின்னக் குழி. அதில் பனையேறிக் கெண்டைக் குஞ்சுகள் ஒரு பக்கமாகச் சரிந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு கரையில் துள்ளி விழுந்தன. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. எண்ணினேன், முப்பத்தொன்று. அன்று அடித்தது பைரெத்ரொயிட் வகை. மனிசருக்கு மற்றதைவிட நஞ்சு குறைவு என்று சொல்லி விற்பார்கள், அது ஓரளவு உண்மையும்தான். ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அது மிகக் கொடியது. போத்தலில் மீன் படத்தோடு அதைப் போட்டும் இருந்தது.

அந்த வாய்க்கால் எங்கே போகிறது? வயல் கடந்து வடிகிற தண்ணீர் கனகராயன் ஆற்றில் சேரும். ஆறு சுண்டிக்குளம் களப்பில் போய் விழும். பூநாரை வந்து நிற்கிற இடம், 1938இலேயே பறவைகள் சரணாலயமாக்கிய இடம். இவருடைய மச்சான் ஒருவர் அங்கே இறால் பிடித்துத்தான் குடும்பம் நடத்துகிறார். ஒரு டாங்கி கழுவிய தண்ணீர் அவ்வளவு தூரம் போய் இறாலைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரணைமடுவின் கீழ் எத்தனை ஆயிரம் ஏக்கர், ஒரே கிழமையில் எத்தனை டாங்கி. இறால் பாடு குறைந்துபோச்சு என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்த முப்பத்தொரு குஞ்சும் எனக்கு நினைவு வரும்.

இப்போது நாங்கள் செய்வது இது. முதலில், தேவையான அளவுக்கு மேல் கலக்குவதில்லை. கடைசி டாங்கிக்கு எத்தனை வரி மிச்சம் என்று எண்ணித்தான் கலக்குவோம். முடிந்தபின் டாங்கிக்குள் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் அதே பயிருக்கே அடிப்போம். அப்படி மூன்று தரம். போத்தலையும் மூன்று தரம் அலசி டாங்கிக்குள் ஊற்றிவிட்டு, ஆணியால் அடியில் துளைத்துவிடுவோம், யாரும் மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ எடுக்காதபடி.

டாங்கியின் வெளிப்புறத்தைக் கழுவ ஒரு குழி வைத்திருக்கிறோம். சுவீடனில் 1990களில் தொடங்கிய முறை என்று மகன் தொலைபேசியில் தேடி வாசித்துச் சொன்னான். கிணற்றில் இருந்து நன்றாகத் தள்ளி, மேட்டில், இரண்டு அடி ஆழக் குழி. அடியில் களிமண்ணைத் தட்டி இறுக்கினோம். மேலே வெட்டிய வைக்கோல் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பிப் புல் வளர்த்தோம். மழை நிரம்பாமல் இருக்க நாலு தகரம். வைக்கோலை உக்கவைக்கிற பங்கசுகள் மருந்தையும் சேர்த்துச் சிதைக்கும், கூட்டெருவும் மண்ணும் அதைப் பிடித்து வைத்திருக்கும். வைக்கோல் தாழத் தாழப் புதிதாகப் போடவேண்டும். செலவு என்று பார்த்தால் ஒருநாள் கூலி.

மண்ணில் எவ்வளவு காலம் நிற்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது மருந்துக்கு மருந்து வேறு. ஓகனோபொஸ்பேற் பலதும் சில நாளில், சில கிழமையில் பாதியாகிவிடும். டிடிடி பாதியாக 2 முதல் 15 வருடம் வரை எடுக்கும். இலங்கையில் விவசாயத்துக்கு அதைத் தடைசெய்தது எழுபதுகளில். பரகுவாட் என்ற களைநாசினி களிமண்ணோடு இறுக ஒட்டி வருடக்கணக்கில் கிடக்கும். காபோபியூரான் தண்ணீரோடு கரைந்து கீழே இறங்கக்கூடியது, கிணற்றுக்கு அதுதான் பயம். இமிடாகுளோப்பிரிட் சில மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கும், செடியின் சாற்றோடு ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும்.

இந்தக் கடைசியை நான் கண்ணால் கண்டேன். 2016இல் பூசணி போட்டோம். கொடி படர்ந்து பூத்தது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. விடிய ஐந்தரைக்குப் போய் நின்று பார்த்தேன். பூ விரிந்து நிற்கிறது, ஒரு தேனீ இல்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவுக்குள் என் கையாலேயே தடவினேன். இருபது நாளாக ஒவ்வொரு காலையும் அந்த வேலை. நாற்று மேடைக்கும் பக்கத்து வரி வெண்டிக்கும் அடித்த மருந்து எதுவென்று பிறகு பார்த்தேன், அதே இமிடாகுளோப்பிரிட். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையில் மூன்றை 2018இல் திறந்த வெளிப் பயிருக்குத் தடைசெய்தது. இப்போது பூக்கிற காலத்தில் எதுவும் அடிப்பதில்லை. கட்டாயம் என்றால் பூ மூடிய பின்னேரத்தில், வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும்: ஒரு லீற்றருக்கு ஐம்பது கிராம் இடித்த பருப்பு, இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி. வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் அடிக்கவேண்டும். புழுவுக்கும் பூச்சிக்கும் ஓரளவு கேட்கும். பெரிய தாக்கத்தை அது நிறுத்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்கு நான் செய்வது கூட்டெரு, மூடாக்கு, போகத்துக்குப் போகம் பயிர் மாற்றம். கத்தரிக்குப் பிறகு உழுந்து அல்லது கச்சான். மருந்தைச் சிதைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர். அதற்குச் சாப்பாடும் ஈரமும் வேண்டும். காய்ந்து வெந்த மண்ணில் எச்சம் அதிக நாள் கிடக்கும். முதல் வருடம் கண்டளவுக்கு இல்லாவிட்டாலும் மண்புழு திரும்பி வந்திருக்கிறது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. மருந்தடித்த சேட்டைத் துவைப்பது நாங்கள். பிள்ளையின் உடுப்போடு ஒரே வாளியில் ஊறவைத்திருக்கிறேன். அதைத் தனி வாளியில், கைக்குப் பை போட்டு, கிணற்றுக்கட்டுக்கு வெளியே துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மருந்துப் போத்தலைக் குசினி இறப்பில் செருகி வைக்காதீர்கள். பூட்டுப் பெட்டியில், வீட்டுக்கு வெளியே. பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. மனம் உடைந்துபோன ஒரு கணத்தில் யாருடைய கையும் எட்டும் இடத்தில் அது இருக்கக்கூடாது. மிகக் கொடிய சில மருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பரகுவாட்டை 2008 தொடங்கிப் படிப்படியாகவும் இந்த நாட்டில் தடைசெய்தபின் எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. எங்கள் ஊரிலும் அந்த வலி தெரியாத வீடு குறைவு.

வாங்கிச் சமைப்பவர்களுக்கு: ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், சும்மா முக்கி எடுப்பது காணாது. மேல் ஒட்டியது நிறையப் போகும். தோல் சீவினால் இன்னும் போகும். சாற்றோடு உள்ளே ஏறியது கழுவினால் போகாது. அதற்குத் தோட்டத்தில்தான் மருந்து.

சிறுநீரக நோயைப் பற்றியும் கேட்பீர்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் தெரியவந்த அந்த நோய்க்கு வவுனியாப் பக்கத்திலும் கிளினிக் போகிறவர்கள் இருக்கிறார்கள். விவசாய இரசாயனம், புளோரைட், தண்ணீரின் வன்மை, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஒரே முடிவு வரவில்லை. ஆகவே மருந்துதான் என்று நான் எழுதமாட்டேன். அந்தச் சந்தேகத்தில் கிளைபொசேற் என்ற களைநாசினியை 2015இல் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள், 2022இல் தடையை எடுத்தார்கள். 2021இல் எல்லா இரசாயனத்தையும் ஒரே அடியில் நிறுத்தியபோது நாங்கள் பட்டதை மறக்கமுடியாது. மருந்து நிற்கவில்லை, பெயரில்லாப் போத்தலில் இரண்டு மடங்கு விலைக்கு வந்தது. சோடாப் போத்தலைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு பதறும், வாங்கவில்லை. குருத்து வெட்டப் பழகியிருந்ததால் அந்தப் போகத்தைத் தாண்டினோம். பழகாதவர்கள் தோட்டத்தையே விட்டார்கள். கமக்காரருக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காமல் கடையைப் பூட்டினால் நடப்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பம்ப் கொட்டிலில் ஒரு கலண்டர் தொங்குகிறது. அடித்த நாளில் மருந்தின் பெயரை எழுதி, பிடுங்கக்கூடிய நாளைச் சுற்றி வட்டம் போடுவேன். போன மாதம் வெள்ளிக்கிழமை வியாபாரி அழைத்தார், சனி லொறி போகுது, காய் வேணும், விலை நல்லாய் இருக்கு என்று. வட்டம் செவ்வாய்க்கிழமையில் இருந்தது. செவ்வாய் வாங்கோ என்றேன். "அக்கா, மூண்டு நாளிலை என்ன வரப்போகுது" என்றார். வேறு தோட்டத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சனியும் ஞாயிறும் காய் மரத்திலேயே நின்றது. இருபது கிலோ அளவு முற்றிவிட்டது, மாட்டுக்கும் போடவில்லை, குழிக்குத்தான் போனது.

செவ்வாய் காலையில் பிடுங்கினோம். நாற்பத்திரண்டு கிலோ. வேறு ஒருவர் குறைந்த விலைக்கு எடுத்தார். கிணற்றடியில் இருந்த இரண்டு வரியை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம், இப்போது அங்கே வெண்டி நிற்கிறது. கட்டிய சாக்கில் ஒன்றை அவிழ்த்து, மேலாக இருந்ததில் ஒரு கிலோ எடுத்துப் பையில் போட்டேன். மகன் ரவுணுக்குப் போகிறவன். சின்னம்மாவிடம் கொடு, வட்டக்கச்சிக் காய், அம்மா தந்தது என்று சொல் என்றேன்.